ஹோமில விட்ட அம்மா அப்பாவை வடிவா பாக்கினமோ? கண்டுபிடிக்கிறது எப்பிடி

2020 ஏப்ரல் மாசம், கொரோனாவின்ர முதலாவது அலையில ஒன்ராறியோ முதியோர் இல்லங்களில சனம் செத்துக்கொண்டிருந்த நேரம், வேலைக்கு ஆக்கள் காணாமல் மாகாண அரசாங்கம் கனடா ஆமியைக் கூப்பிட்டது. ஆமியின்ர மருத்துவ ஆக்கள் போன அஞ்சு ஹோமில ஒண்டு எங்கட ஸ்காபரோவில இருக்கிற ஆல்ரமொன்ட், இன்னொண்டு பக்கத்தில பிக்கறிங்கில இருக்கிற ஓர்ச்சர்ட் வில்லா. அவை கண்டதை எழுதின ரிப்போர்ட் மே 26ம் திகதி வெளியில வந்தது. அதில ஆல்ரமொன்ட் பகுதியில ஒரு விசயம் இருக்கு, வாசிச்ச நாளிலயிருந்து என்ர மனசை விட்டுப் போகேல்லை. வாய் பேச ஏலாத ஒரு ஆள், ஒரு பிஎஸ்டபிள்யூ (கழுவி, உடுப்பு மாத்தி, சாப்பாடு தீத்திற பராமரிப்பு ஊழியர்) தன்னைக் கவனிக்காமல் விட்டு கொடுமைப்படுத்தினதா சொல்லி கடிதம் எழுதியிருக்கிறார், ஆமிக்காரர் அதைக் கையோட நிர்வாகத்திட்டைக் குடுத்திருக்கினம்.

அந்த ஆளுக்கு கை வேலை செய்தது, எழுத இங்கிலிஷும் இருந்தது. ரெண்டும் இல்லாத எங்கட அம்மாமார் அப்பாமார் எத்தினை பேர் இண்டைக்கு ரொறன்ரோவைச் சுத்தியுள்ள ஹோமுகளில இருக்கினம்? அவையால சொல்ல ஏலாததை அவையின்ர உடம்பிலயும் பழக்கவழக்கத்திலயும் நாங்கள்தான் வாசிச்செடுக்க வேணும். அதை எப்பிடி எண்டு எனக்குத் தெரிஞ்சதை எழுதுறன், சட்டம் எல்லாம் ஒன்ராறியோச் சட்டம், வேற மாகாணத்தில இருக்கிற ஆக்கள் தங்கட சட்டத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல ஒண்டைச் சொல்லவேணும். துன்புறுத்தல் எண்டால் எங்கட ஆக்கள் நினைக்கிறது அடிக்கிறது, நுள்ளுறது, பேசுறது. அதுவும் நடக்குதுதான், ஆனால் ஆமி எழுதினதை எடுத்துப் பாருங்கோ, ஆளை நிமித்தி இருத்தாமல் படுத்தபடியே சாப்பாடு தீத்தினது, கை எட்டாத தூரத்தில சாப்பாட்டை வச்சிட்டுப் போனது, உதவி கேட்டு அழுதும் நெடுநேரம் ஒருத்தரும் வராதது, அழுக்கு டயபரோட விட்டது, கரப்பொத்தான் ஓடினது. கூட இருக்கிறது செய்யாமல் விட்ட வேலைகள்தான். சட்டமும் இதைத் தெளிவா சொல்லுது, ஒரு ஆளின்ர சுகத்துக்கும் பாதுகாப்புக்கும் தேவையான பராமரிப்பைக் குடுக்காமல் விடுறது புறக்கணிப்பு, திரும்பத் திரும்ப ஒண்டும் செய்யாமல் இருக்கிறதும் அதுக்குள்ள அடக்கம். ஆகவே "ஒருத்தரும் அடிக்கேல்லை தானே" எண்டு ஆறுதல்பட்டுக்கொண்டு வீட்டை வந்திடாதேங்கோ.

இது ஏன் நடக்குது எண்டால் பெரும்பாலும் ஆள் காணாது. விடிய எழுப்பி, கழுவி, உடுப்பு மாத்தி, சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோக ஒரு பிஎஸ்டபிள்யூவுக்கு எட்டுப் பத்துப் பேர் இருப்பினம், அதில பாதிப்பேரைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், கணக்குப் பாருங்கோ. கொரோனாவுக்கு முதல் ஒன்ராறியோவில ஒருத்தருக்கு ஒரு நாளைக்குக் கிடைச்ச நேரடிப் பராமரிப்பு சராசரியா மூண்டு மணித்தியாலம் கூட இல்லை, 2022 ஏப்ரலில நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் 2025 மார்ச் முடிய அதை நாலு மணித்தியாலமாக்க வேணும் எண்டு இலக்கு வச்சது. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற ஒரு கணக்கு இன்னும் பயங்கரம், இப்பிடியான இல்லங்களில வேலை செய்யிற ஆக்களிட்டையே கேட்டதில மூண்டு பேரில ரெண்டு பேர் கடந்த வருசத்தில தாங்கள் ஏதோ ஒரு விதத்தில துன்புறுத்தியிருக்கிறம் எண்டு ஒத்துக்கொண்டிருக்கினம். ஆக்களே சொல்லினம், பிறகு நாங்கள் ஏன் "எங்கட ஹோமில அப்பிடி நடக்காது" எண்டு இருக்கிறம்?

எல்லாத்தையும் மூடி மறைக்கிற ஒரு வசனம் இருக்கு, "வயசு போனால் இப்பிடித்தான்". மெலிஞ்சு போனால் வயசு, கண்டல் வந்தால் வயசு, நாள் முழுக்க நித்திரை எண்டால் வயசு. சிலவேளை உண்மையாவே வயசுதான், அதாலதான் இது இவ்வளவு கஷ்டம். நான் பிடிச்சுக்கொள்ளுறது ரெண்டு கேள்வி. போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் என்ன மாறியிருக்கு? ஹோமில வேலை செய்யிற ஆக்கள் சொல்லுற காரணம் உடம்பில தெரியிறதோட பொருந்துதா? இந்த ரெண்டையும் கேட்டுக்கொண்டு வந்தால் மிச்சம் தானா வெளிக்கும்.

கண்டலை எடுப்பம். வயசானவையின்ர தோல் மெல்லிசு, இரத்தத்தை இளக்கிற குளிசை எடுக்கிற ஆள் எண்டால் கதவில தட்டினாலே நீலமாயிடும், அதால கண்டல் கண்டவுடன சத்தம் போடக்கூடாது. பாக்க வேண்டியது எந்த இடம் எண்டதை. கலிஃபோர்னியாவில 2005ல வந்த ஒரு ஆய்வில நூறு பேர் அளவில முதியவையை ஒவ்வொரு நாளும் பாத்து, தற்செயலா வாற கண்டல் எங்க வருது எண்டு பதிஞ்சவை. பத்தில ஒன்பது கையிலயும் காலிலயும்தான். கழுத்து, காது, குண்டிப்பக்கம், மறைவிடம், உள்ளங்கால், இந்த இடங்களில ஒண்டுகூட வரேல்லை. பிறகு அதே குழு உண்மையா துன்புறுத்தப்பட்ட ஆக்களைப் பாத்தபோது, கண்டல் பெரிசு, முகத்தில, முதுகில, மேல்கையில கூட. ஆகவே முழங்கைக்குக் கீழ புறங்கையில ஒரு சின்ன நீலம் எண்டால் கேட்டு வைக்கலாம், ரெண்டு மேல்கையிலயும் ஒரே மாதிரி விரல் பதிஞ்ச அடையாளம் எண்டால் ஆரோ இறுக்கிப் பிடிச்சு உலுப்பியிருக்கினம் எண்டு சந்தேகப்படத்தான் வேணும். மணிக்கட்டைச் சுத்தி வளையம் மாதிரி எண்டால் கட்டியிருக்கலாம். நிறத்தை வச்சு "இது பழசு, நீங்கள் வரமுதலே இருந்தது" எண்டு சொன்னால் நம்பாதேங்கோ, முதல் நாளே மஞ்சளாத் தெரியிற கண்டலும் இருக்கு. இன்னொண்டு, துன்புறுத்தப்பட்ட ஆக்களில கனபேருக்கு அது எப்பிடி வந்தது எண்டு சொல்லத் தெரிஞ்சிருக்கு, மறதி வருத்தம் உள்ளவை உட்பட. அதால அம்மாவிட்டைக் கேளுங்கோ, தனிய இருக்கேக்க, அவசரப்படாமல்.

அடுத்தது படுக்கைப் புண். இதில எங்கட ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய ஒரு விசயம் இருக்கு, தோல் நிறம். புண் தொடங்கேக்க தோல் சிவக்கும் எண்டுதான் எல்லா இடத்திலயும் எழுதியிருக்கும், அது வெள்ளைத் தோலுக்குச் சரி, எங்கட தோலில அந்தச் சிவப்புத் தெரியாது. சுத்தியுள்ள இடத்தை விட கருநீலமா, ஊதா மாதிரி இருக்கும், தொட்டால் சூடா இருக்கும், இல்லாட்டி வழமைக்கு மாறா கட்டியா, இல்லாட்டி மாவு மாதிரி மெத்தெண்டு இருக்கும், அம்மா "அதில தொடாதை நோகுது" எண்டுவா. பாக்கவேண்டிய இடம் நாரிக்குக் கீழ வால் எலும்பு, ரெண்டு குதிக்கால், இடுப்பு எலும்பின்ர பக்கவாட்டு, கணுக்கால், பின்னந்தலை. மேஸ் கழட்டி குதிக்காலைப் பாக்கிறதுக்கு ஒரு நிமிசம் போதும், ஆனால் வருசக்கணக்கா ஹோமுக்குப் போய்வாற பிள்ளையள் கூட அதைச் செய்யிறேல்லை, போர்வையை விலக்கிப் பாக்க வெக்கம், அம்மாவுக்கும் வெக்கம். குளிக்க வாக்கிற நேரம் அல்லது டயபர் மாத்திற நேரம் மகளோ மருமகளோ கூட நிண்டால் எல்லாம் தெரியும்.

புண் வந்தாலே குற்றம் எண்டு இல்லை, கடைசிக் காலத்தில என்ன செய்தும் வாற புண் இருக்கு. ஆனால் தானா புரள ஏலாத ஆளை குறைஞ்சது ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்கவைக்க வேணும் எண்டு ஒன்ராறியோ விதியில எழுதியே இருக்கு, நித்திரை நேரம் மட்டும் தேவையைப் பாத்துச் செய்யலாம். ஆகவே "எப்ப கண்டனீங்கள், எத்தினையாவது நிலை, எத்தினை மணிக்கு ஒருக்கா திருப்புறியள், எங்க எழுதியிருக்கு" எண்டு கேட்டால் நேர்ஸ் உடன காட்டவேணும். நீங்கள் கண்டுபிடிச்சுச் சொன்ன பிறகுதான் அவைக்கே தெரியும் எண்டால், அந்தப் பகுதியை கொஞ்ச நாளா ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை எண்டுதான் அர்த்தம்.

நிறையும் அப்பிடித்தான். ஒவ்வொரு மாசமும் நிறை பாத்து எழுதவேணும் எண்டது விதி, ஒரு மாசத்தில அஞ்சு வீதம், மூண்டு மாசத்தில ஏழரை வீதம், ஆறு மாசத்தில பத்து வீதம் மாறினால் ஏன் எண்டு ஆராய்ஞ்சு நடவடிக்கை எடுக்கவேணும். அம்மா 50 கிலோ எண்டால் ஒரு மாசத்தில ரெண்டரைக் கிலோ. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி போனில எழுதி வையுங்கோ. கண்ணாலயும் பாக்கலாம், காப்பு முழங்கை மட்டும் ஏறுதா, கழுத்துச் சட்டை தொளதொளக்குதா, பொய்ப்பல்லு கழண்டு விழுதா. நாக்கு காஞ்சு வெடிச்சு, சலம் கடுந்தேத்தண்ணி நிறத்தில போனால் தண்ணி குடுக்கிறேல்லை. இதில எங்கட ஆக்களுக்கு இன்னொரு சிக்கல், கூழாக்கின உருளைக்கிழங்கும் உப்புப் புளி இல்லாத கோழியும் குடுத்தால் அம்மா வாயைத் திறக்கமாட்டா, "சாப்பாடு மறுத்தவர்" எண்டு எழுதிப்போட்டு தட்டை எடுத்துக்கொண்டு போயிடுவினம். கரைச்ச சோறும் பருப்பும் நீங்கள் கொண்டுபோய்த் தீத்தேக்க அவ ஆவெண்டு சாப்பிட்டால் பிரச்சினை அம்மாவின்ர பசியில இல்லை. கிழமைக்கு ரெண்டு தரம் குளிக்க வாக்க வேணும், விடியவும் இரவும் வாய் சுத்தம் செய்யவேணும், இதுவும் விதிதான். நகத்துக்குள்ள ஊத்தை, தலைமயிர் சிக்கு, வாய் மணம், கண்ணில பீளை, இதெல்லாம் சின்ன விசயம் எண்டு விடாதேங்கோ, கண்ணுக்குத் தெரியிற இடத்தையே கழுவேல்லை எண்டால் தெரியாத இடத்தை ஆர் கழுவப்போகினம்?

மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், ஏன் எண்டால் இதில கண்டலும் இல்லை புண்ணும் இல்லை. டிமென்ஷியா எண்ட மறதி வருத்தம் உள்ள ஆள் கத்தினால், நடந்து திரிஞ்சால், தள்ளிவிட்டால், அமைதிப்படுத்த எண்டு ரிஸ்பெரிடோன், குவெட்டியபின், ஒலன்சபின் மாதிரி குளிசையள் குடுப்பினம். இது மனநோய்க்குரிய மருந்து. டிமென்ஷியா உள்ள முதியவைக்கு இப்பிடியான மருந்துகள் சாவு அபாயத்தைக் கூட்டுது, மருந்தில்லாத வெறுங்குளிசை குடுத்த ஆக்களோட பாக்கேக்க 1.6 மடங்கு எண்டு 2005லயே ஹெல்த் கனடா எச்சரிச்சது. சில பேருக்கு அது உண்மையாத் தேவைப்படும், மறுக்கேல்லை, ஆனால் ஆள் காணாத ஹோமில அது ஆளைக் கட்டிப்போடுற கயிறா மாறிடும். போன மாசம் வரைக்கும் உங்களைக் கண்டு சிரிச்ச அப்பா இப்ப வீல்செயாரில தலை தொங்கி, வாயால வீணி வடிஞ்சு, காலை இழுத்து இழுத்து நடக்கிறார் எண்டால் "வருத்தம் கூடிட்டுது" எண்டு சொல்லுறதை ஏற்கமுதல் மருந்துப் பட்டியலைக் கேளுங்கோ, புதுசா என்ன, எப்பயிருந்து, ஆர் சம்மதம் குடுத்தது. அவரால முடிவெடுக்க ஏலாது எண்டால் அவருக்குப் பதிலா முடிவெடுக்கிற ஆளின்ர சம்மதம் இல்லாமல் புது மருந்து தொடங்கக்கூடாது, அது 1996ம் ஆண்டுச் சட்டம்.

மருந்து விசயத்தில ஒன்ராறியோ பட்ட பாடு சின்னதில்லை. எலிசபெத் வெட்லோஃபர் எண்ட நேர்ஸ் 2007க்கும் 2014க்கும் இடையில ஹோமுகளில இருந்த எட்டுப் பேரை அளவுக்கு மீறி இன்சுலின் ஊசி போட்டுச் சாகடிச்சவ, இன்னும் ஆறு பேருக்கு அப்பிடிச் செய்தவ, 2017ல ஆயுள் தண்டனை. இதில நெஞ்சை அடைக்கிறது என்னெண்டால் ஒரு இன்ஸ்பெக்டரோ டொக்டரோ அதைக் கண்டுபிடிக்கேல்லை, 2016ல அவவே வாயைத் திறந்து சொல்லித்தான் தெரிய வந்தது. பிறகு நீதிபதி ஐலீன் கிலீஸ் நடத்தின விசாரணை 2019 ஜூலையில 91 பரிந்துரை குடுத்தது, அவ சொல்லாமல் விட்டிருந்தால் இது வெளியில வந்திருக்காது எண்டதையும் அந்த அறிக்கை மறைக்கேல்லை. செத்த எல்லாரும் வயசு போனவை தானே எண்டு ஒருத்தரும் ரெண்டாந்தரம் யோசிக்கேல்லை. நேற்று நல்லா இருந்த ஆள் திடீரெண்டு குளிர வேர்த்து, நடுங்கி, மயங்கினால், சுகர் எவ்வளவு இருந்தது, எத்தினை மணிக்குப் பாத்தது எண்டு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

இனி நடத்தை. ஒரு குறிப்பிட்ட ஆள் அறைக்குள்ள வந்தவுடன அம்மா கதையை நிப்பாட்டுறா, கையை முகத்துக்கு முன்னால தூக்கிறா, உங்கட கையைப் பிடிச்சு விடமாட்டன் எண்டுறா, குளிக்க வாக்கிற நாள் எண்டால் விடியவே அழுறா. இதுகளைத் திகதியோட எழுதுங்கோ, எந்த ஷிஃப்ட், ஆர் வேலையில எண்டு. டிமென்ஷியா வரேக்க பிறகு படிச்ச பாசைதான் முதல்ல போகும், நாப்பது வருசம் இங்க வேலை செய்து இங்கிலிஷ் கதைச்ச ஆளும் கடைசியில தமிழுக்கு மட்டும் திரும்பிடுவினம், அப்ப அவ "நோகுது, விடு" எண்டு கத்தினால் கேக்கிற ஆளுக்கு அது வெறும் சத்தம், "ஆக்ரோசமா நடந்துகொண்டா" எண்டு ஃபைலில ஏறும், அதுக்கு ஒரு குளிசை வரும். இப்பிடித்தான் ஒண்டு இன்னொண்டில போய் முடியுது. மறதி உள்ளவை சிலவேளை இல்லாததையும் சொல்லுவினம், காசு களவு போட்டுது, ஆரோ அறைக்குள்ள வந்தது எண்டு, அது வருத்தத்தின்ர ஒரு பகுதி. எண்டாலும் "அவவுக்கு மூளை சரியில்லை" எண்டு தட்டிவிடாமல் ஒவ்வொரு தரமும் ஒருக்காப் போய்ப் பாக்கவேணும். அடிக்கிறது ஊழியர் எண்டு மட்டும் இல்லை, பக்கத்து அறையில இருக்கிற இன்னொரு நோயாளியும் அடிக்கலாம், அதைத் தடுக்கிறதும் ஹோமின்ர பொறுப்புத்தான்.

பாலியல் துன்புறுத்தலைப் பற்றி எங்கட வீடுகளில வாயே திறக்கமாட்டினம், அதாலதான் எழுதுறன். உள்தொடையில கண்டல், உள்ளுடுப்பு கிழிஞ்சு அல்லது இரத்தம் பட்டு, திடீரெண்டு வந்த தொற்று, டயபர் மாத்த விடாமல் காலை இறுக்கிறது, இப்பிடி ஏதும் கண்டால் கழுவ விடாதேங்கோ, உடுப்பை மாத்தாதேங்கோ, உடன 911, ஆஸ்பத்திரி. எண்பத்தஞ்சு வயசு ஆளுக்கு ஆர் அப்பிடிச் செய்வினம் எண்ட யோசினை உங்களைப் பிந்தப்பண்ணக்கூடாது. காசுப் பக்கம் சுருக்கமா, தாலிக்கொடி காப்பு மோதிரத்தை வீட்டில வச்சிட்டு படம் மட்டும் எடுத்து வையுங்கோ, ஹோமில அவவின்ர பேரில இருக்கிற காசுக்கணக்கின்ர துண்டை மூண்டு மாசத்துக்கு ஒருக்கா பாருங்கோ. சொந்தப் பிள்ளையளே பவர் ஒஃப் அற்றோணியை (தாய் தேப்பனுக்குப் பதிலா காசு விசயம் பாக்கிற சட்ட அதிகாரம்) வச்சு உறிஞ்சிற கதையும் எங்களுக்குள்ள இருக்கு, அதுவும் துன்புறுத்தல்தான்.

எப்ப போய்ப் பாக்கிறது எண்டதில கனக்க இருக்கு. எல்லாரும் ஞாயிறு பின்னேரம் போவினம், ஹோமுக்கும் அது தெரியும். விடிய ஏழரைக்கு ஒருநாள் போங்கோ, இரவுச் சாப்பாடு முடிஞ்ச கையோட ஒருநாள், நீண்ட விடுமுறை நாளில ஒருநாள். சொல்லாமல் போங்கோ. பெல்லை அமத்திப்போட்டு எத்தினை நிமிசத்தில ஆள் வருது எண்டு பாருங்கோ, தண்ணிக் கப் அம்மாவின்ர கைக்கு எட்டுதா, பெல் வயர் கட்டிலுக்குக் கீழ விழுந்து கிடக்குதா எண்டு பாருங்கோ. அதோட அங்க வேலை செய்யிற பிள்ளையளோட நல்லமாதிரிக் கதையுங்கோ, பேர் தெரிஞ்சு கூப்பிடுங்கோ. பிஎஸ்டபிள்யூ வேலை செய்யிறதில எங்கட பொம்பிளையள் எவ்வளவு பேர், ரெண்டு ஹோமில ரெண்டு ஷிஃப்ட் செய்து நாரி முறிஞ்சவை, அவைதான் "அக்கா, இரவில இவவை ஒருத்தரும் திருப்புறேல்லை" எண்டு உங்களுக்கு மெல்லமாச் சொல்லப்போற ஆக்கள். எல்லாரையும் எதிரியாப் பாத்தால் அந்த வாயும் மூடிடும்.

சந்தேகம் வந்தால் முதல்ல படம் எடுங்கோ, பக்கத்தில ஒரு குத்திக் காசு வச்சு எடுத்தால் அளவு தெரியும், திகதியும் நேரமும் எழுதுங்கோ, சொன்ன வார்த்தையை அப்பிடியே தமிழில எழுதுங்கோ. பிறகு பொறுப்பான நேர்ஸிட்டை வாயால சொல்லிப்போட்டு அண்டைக்கே இமெயிலும் போடுங்கோ. காயமோ நோவோ வந்த சம்பவத்தை ஹோம் உங்களுக்கு உடன அறிவிக்க வேணும், மற்றச் சம்பவத்தை 12 மணித்தியாலத்துக்குள்ள. அதோட துன்புறுத்தல் அல்லது புறக்கணிப்பு எண்டு நியாயமாச் சந்தேகப்படுற எவரும், ஊழியர், டொக்டர், பிள்ளையள், எல்லாரும் ஒன்ராறியோவின்ர நீண்டகாலப் பராமரிப்பு அமைச்சுக்கு அறிவிக்கவேணும் எண்டதுதான் சட்டம், அங்க வசிக்கிற ஆக்களுக்கு மட்டும் விருப்பம். அமைச்சின்ர முறைப்பாட்டு இலக்கம் 1-866-434-0144, யோசினை கேக்க முதியோர் பாதுகாப்பு இலக்கம் 1-866-299-1011, இங்கிலிஷ் கஷ்டம் எண்டால் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு முதலே கேளுங்கோ. அடி, களவு, பாலியல் எண்டால் பொலிஸ்.

கமரா வைக்கலாமோ எண்டு கனபேர் கேக்கினம். 2013ல பீற்றர்பரோவில ஒரு மகன் தாயின்ர கண் கறுத்ததைக் கண்டுட்டு அறையில ஒளிச்சுக் கமரா வச்சவர், அழுக்குத் துணியை அந்தத் தாயின்ர முகத்துக்கு நேர ஒரு ஊழியர் ஆட்டினது அதில பதிஞ்சு நாடு முழுக்கத் தெரியவந்தது. அந்தக் கமரா இல்லாட்டி ஒருத்தரும் நம்பியிருக்கமாட்டினம். ஆனால் ஒரே அறையில இன்னொரு ஆள் இருந்தால் அவரின்ர மறைவும் இருக்கு, மற்ற ஆக்களின்ர கதையை ஒலிப்பதிவு செய்யிறதில குற்றவியல் சட்டப் பிரச்சினையும் வரலாம், அம்மாவின்ர அல்லது அவவுக்குப் பதிலா முடிவெடுக்கிற ஆளின்ர சம்மதமும் வேணும், முதியோருக்கான இலவச சட்ட உதவி நிலையம் ரொறன்ரோவில இருக்கு, வைக்கமுதல் அவையிட்டைக் கேளுங்கோ.

எங்கட ஆக்களை வாய் திறக்க விடாதது பயம், முறைப்பாடு குடுத்தால் அம்மாவைப் பழிவாங்கிப்போடுவினமோ எண்டு. பழிவாங்கிறதையும், முறைப்பாடு குடுக்காதை எண்டு பயப்படுத்துறதையும் அதே சட்டம் தடுக்குது, அப்பிடி ஏதும் நடந்தால் அது ரெண்டாவது முறைப்பாடு, அதையும் எழுதிக் குடுங்கோ. முறைப்பாட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் எழுதிற ரிப்போர்ட் பேர் விவரம் நீக்கி அமைச்சின்ர இணையத்தில வரும், ஹோமின்ர பேரைப் போட்டால் பழைய வருச ரிப்போர்ட்டும் கிடைக்கும். ஒரு ஹோமைத் தெரிவு செய்யமுதல் அதை வாசியுங்கோ, ஒரு பிழை இருக்கிறதைப் பாத்து ஓடவேண்டாம், பிழை இல்லாத ஹோம் இல்லை, அதே பிழை, அதே தோல் பராமரிப்பு, அதே அறிவிக்காமல் விட்ட சம்பவம் வருசா வருசம் திரும்ப வருதா எண்டு பாருங்கோ. வந்தால் வேற ஹோமுக்கு மாற விண்ணப்பம் போடலாம், பட்டியல் நீளம்தான், அதால இண்டைக்கே போட்டு வையுங்கோ.